தோற்றவருக்காகக் காத்திருந்த வீரர்

ஒலிம்பிக் பந்தயங்கள் நெருங்கிவிட்டால் நம் நாட்டில் தேநீர்க் கடை முதல் பாராளுமன்றம் வரை ஒரே கேள்விதான் பேசப்படுகிறது. நமக்கு எத்தனை பதக்கம் தேறும் என்பதே அந்தக் கேள்வி. பந்தயங்கள் முடிந்த பிறகும் அதே கேள்வி வேறு வேஷம் பூண்டு, இத்தனை ஜனத்தொகை உள்ள தேசத்துக்கு இவ்வளவுதானா என்ற அங்கலாய்ப்பாக வெளிவருகிறது. கேட்பதில் தப்பில்லை, தேசாபிமானம் உள்ளவன் கேட்கத்தான் செய்வான். ஆனால் நாடுகளை வரிசைப்படுத்திக் காட்டும் பதக்கப் பட்டியலை எந்த ஒலிம்பிக்கின் பெயரால் நாம் மனப்பாடம் செய்கிறோமோ, அந்த ஒலிம்பிக்கின் சாசனமே, இப்போட்டிகள் வீரர்களுக்கும் அணிகளுக்கும் இடையே நடப்பவை என்றும், நாடுகளுக்கு இடையே நடப்பவை அல்ல என்றும் திட்டவட்டமாக விதித்திருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சர்வதேசப் பந்தயங்களுக்கு உயிர்நாடியாக இருப்பது ஆட்டத்தின்பால் கொண்ட பிரியமே என்பது என் அபிப்பிராயம். இப்படிச் சொன்னவுடன், வெற்றி தோல்வி சகஜம், கலந்துகொண்டதே பெரிது என்று பரிசளிப்பு விழாக்களில் தலைமை வகிப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிரசங்கத்தைத்தான் நானும் செய்யப்போகிறேன் என்று வாசகர்கள் பயந்துவிட வேண்டாம். ஆட்டத்தை மெய்யாகவே நேசிப்பவன் வெற்றியை அலட்சியம் செய்து நான் பார்த்ததில்லை. விடியற்காலையில் எழுந்து, பனியிலும் புழுதியிலும் வருஷக்கணக்காக ஓடி, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டித் தேகத்தை வசப்படுத்தியவனுக்குக் கலந்துகொண்டதே பெரிது என்று யாராவது உபதேசித்தால் கோபம்தான் வரும். அவனுக்கு ஜெயிக்க வேண்டும். ஆனால் தன் எதிராளி முழுப் பலத்தோடு நின்று மோதும்போது ஜெயிக்க வேண்டும். இந்த இரண்டாவது ஆசைதான் நான் சொல்லும் பிரியத்துக்கு அடையாளம். இது எப்படிப்பட்டது என்பதை 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களைப் போலத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆண்டை உலகம் அவ்வளவு எளிதில் மறக்க இயலாது. நவம்பர் மாதம் 4ஆம் தேதி சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டு நகருக்குள் புகுந்து ஹங்கேரியின் எழுச்சியை நசுக்கின. அதே சமயத்தில் சூயஸ் கால்வாயின் பொருட்டு இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்ஸும் எகிப்தின்மேல் படையெடுத்திருந்தன. நவம்பர் 22ஆம் தேதி மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் பந்தயங்கள் தொடங்கியபோது, ஹங்கேரிக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டித்து ஹாலந்தும் ஸ்பெயினும் ஸ்விட்சர்லாந்தும் வரவில்லை. சூயஸ் விவகாரத்தைக் காரணம் காட்டி எகிப்தும் இராக்கும் லெபனானும் வரவில்லை. தைவானுக்கு இடம் கொடுத்ததற்காகச் சீனா வரவில்லை. குதிரையேற்றப் பந்தயங்களோ, வெளிநாட்டுக் குதிரைகளை உள்ளே விட ஆஸ்திரேலியாவின் நோய்த்தடுப்புச் சட்டம் இடங்கொடுக்காத காரணத்தால், பூமியின் மறுகோடியில் ஸ்டாக்ஹோம் நகரில் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தன. இந்த மாதிரி ஒரு வேளையில் உலக சமாதானம், மானிட சகோதரத்துவம் என்றெல்லாம் பேசுவது பரிகாசத்துக்கு இடமாகத்தான் இருந்திருக்கும்.

தொடக்க நாளன்று ஒலிம்பிக் ஜோதியை ஏந்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வந்தவர் ரான் கிளார்க் என்ற பத்தொன்பது வயது இளைஞர். வீரர்கள் அனைவரின் சார்பிலும் பிரதிக்ஞை எடுத்துக்கொண்டவர் ஜான் லாண்டி. இவ்விருவரும் மெல்போர்ன்வாசிகள், இருவரும் மைல் ஓட்டக்காரர்கள், இருவருக்கும் இடையே அதே ஆண்டு மார்ச் மாதம் அதே நகரில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை மைதானத்தில் இருந்த அநேகர் அறிந்திருந்தார்கள்.

ஆஸ்திரேலிய தேசியப் பந்தயத்தின் மைல் ஓட்டம் அது. நான்கு நிமிஷத்துக்குள் ஒரு மைல் ஓடிய இரண்டாவது மனிதர் என்ற கீர்த்தியை லாண்டி ஏற்கெனவே பெற்றிருந்தார். அன்று அவர் தம்முடைய சாதனையைத் தாமே முறியடிக்கக்கூடும் என்று ஜனங்கள் கூடியிருந்தார்கள். மூன்றாம் சுற்றில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த கிளார்க், பின்னால் வந்தவரின் கால் தட்டிக் கீழே விழுந்தார். நெருங்கி வந்துகொண்டிருந்த லாண்டியால் விலக முடியவில்லை; விழுந்தவரைத் தாண்டிக் குதித்தார். அவருடைய காலணியின் ஆணிகள் கிளார்க்கின் கையைக் கீறிவிட்டன. லாண்டி நின்றார். நின்றது மட்டுமல்ல, திரும்பி வந்தார், அடி பலமா என்று விசாரித்தார், மன்னிப்புக் கேட்டார். மற்ற ஓட்டக்காரர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள். தமக்கு ஒன்றுமில்லை, ஓடுங்கள் என்று கிளார்க் சொன்ன பிறகுதான் லாண்டி மறுபடி ஓடத் தொடங்கினார். ஓடி, விட்ட தூரத்தையெல்லாம் பிடித்து, நான்கு நிமிஷம் நான்கு விநாடி சொச்சத்தில் முதலாவதாகவும் வந்து சேர்ந்தார். உலக சாதனை போயிற்று. அந்தக் காட்சி இன்று மெல்போர்னில் வெண்கலச் சிலையாக நிற்கிறது.

லாண்டியைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 1954ஆம் ஆண்டு வான்கூவரில், நான்கு நிமிஷ எல்லையைக் கடந்த இருவரும், அதாவது முதலில் கடந்த ரோஜர் பானிஸ்டரும் அடுத்துக் கடந்த லாண்டியும், நேருக்கு நேர் ஓடினார்கள். கடைசி வளைவில் லாண்டி இடது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்த அதே நொடியில் பானிஸ்டர் வலப்பக்கமாக அவரைக் கடந்து வென்றார். பந்தயத்துக்கு முன்பு, யாரோ புகைப்படக்காரர் போட்டுவிட்டுப் போன விளக்குக் குமிழின் சிதறலை லாண்டி வெறுங்காலால் மிதித்துக் காலைக் கிழித்துக்கொண்டிருந்தார். தையல் போட வேண்டியிருந்தது. அதைத் தோல்விக்குக் காரணமாக அவர் சொல்லவில்லை. வெளியில் தெரியக்கூட விடவில்லை. வென்றவரின் வெற்றியில் ஒரு குன்றிமணி எடைகூடக் குறையக்கூடாது என்ற எண்ணம் தோற்றவருக்கு இருந்ததென்றால், அதற்குப் பெருந்தன்மை என்று பெயரிட்டு முடித்துவிடலாம். எனக்கென்னவோ அதைவிட ஆழமான ஒன்று அதில் இருப்பதாகத் தோன்றுகிறது. மைல் ஓட்டம் என்ற அந்த விஷயத்தின்பேரில் அவருக்கு இருந்த மரியாதை, சொந்தக் கீர்த்தியைப் பற்றிய கவலையை விழுங்கிவிட்டது.

மெல்போர்னில் 1500 மீட்டர் ஓட்டத்தை வென்றவர் அயர்லாந்தின் ரான் டிலேனி. லாண்டிக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். சொந்த ஊரில், சொந்த ஜனங்களின் கண்ணெதிரே வந்த ஏமாற்றம் அது. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் டிலேனி மண்டியிட்டுக் குனிந்துவிட்டார். அவருக்கு ஏதோ உபாதை என்று நினைத்து ஓடிப் போய்த் தாங்கியவர் லாண்டிதான். டிலேனி பிரார்த்தனை செய்துகொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. விழுந்தவனைக் கண்டால் அவரால் நிற்காமல் போக முடிவதில்லை போலும்!

இவற்றையெல்லாம்விட என் மனத்தைக் கவர்வது மாரத்தான் ஓட்டத்தின் முடிவில் நடந்ததுதான். அலெய்ன் மிமூன் அல்ஜீரியாவில் பிறந்து பிரான்ஸுக்காக ஓடியவர். இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலியப் போர்முனையில் காலில் காயம்பட்டு, காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று வைத்தியர்கள் சொல்லும் நிலைமைக்கு வந்து தப்பியவர். தப்பிய காலோடு ஓட வந்தவருக்கு வாய்த்த எதிராளியோ செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸாடோபெக். 1948ஆம் ஆண்டு லண்டனில் 10,000 மீட்டரில் ஸாடோபெக் முதலாவது, மிமூன் இரண்டாவது. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் அதே வரிசை. ஸாடோபெக் அதோடு நில்லாமல், அதற்கு முன் ஒருமுறைகூட மாரத்தான் ஓடியிராதவர், அந்த ஹெல்சிங்கியிலேயே மாரத்தானையும் ஓடி வென்று, ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்று தங்கத்தையும் சேர்த்த ஒரே மனிதர் ஆனார். தலையைச் சாய்த்து, முகத்தைக் கோணி, யாரோ கழுத்தைப் பிடித்து நெரிப்பது போன்ற அவஸ்தையோடு ஓடுவது அவர் வழக்கம்; பார்ப்பவர்கள், இந்த மனிதர் அடுத்த சுற்றில் விழுந்துவிடுவார் என்றே எண்ணுவார்கள். அந்த முகத்தின் பின்னாலேயே எட்டு வருஷம் ஓடியவர் மிமூன்.

டிசம்பர் 1ஆம் தேதி, கொளுத்தும் வெயிலில், மிமூன் தன்னந்தனியாக மைதானத்துக்குள் நுழைந்து முதலாவதாக ஓட்டத்தை முடித்தார். ஸாடோபெக்கைக் காணோம். அவருக்கு அந்த ஆண்டு குடலிறக்கத்துக்காகச் சிகிச்சை நடந்திருந்தது. பழைய உடம்பு அல்ல. புகைப்படக்காரர்களும் அதிகாரிகளும் சூழ்ந்துகொண்டபோதும் மிமூன் எல்லைக் கோட்டை விட்டு நகரவில்லை. இரண்டாவது ஆள் வந்தார், மூன்றாவது ஆள் வந்தார்; மிமூன் வாசலைப் பார்த்தபடியே நின்றார். நான்கரை நிமிஷத்துக்குப் பிறகு, ஆறாவதாக, தள்ளாடிக்கொண்டு ஸாடோபெக் வந்து சேர்ந்தார். முடிவு என்னவென்பது அவருக்குத் தெரியாது. மிமூன்தான் நெருங்கிப் போய், தாம் ஒலிம்பிக் சாம்பியன் ஆகிவிட்டதாகச் சொன்னார். களைத்துக் கிடந்த மனிதர் நிமிர்ந்து, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, ராணுவ முறையில் வணக்கம் செலுத்திவிட்டு, மிமூனைக் கட்டித் தழுவிக்கொண்டார். தங்கப் பதக்கத்தைவிட அந்தத் தழுவலே தமக்குப் பெரிது என்று மிமூன் கடைசிவரையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் அப்படிச் சொன்னதை உபசார வார்த்தையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. உலகத்தில் கோடானுகோடி ஜனங்கள் மிமூனைப் பாராட்டலாம். ஆனால் அந்த வெற்றியின் விலை இன்னதென்று சரியாக மதிப்பிடக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அந்த ஒருவர் அங்கீகரிக்கும் வரையில் வெற்றி பூர்த்தியாகவில்லை. சங்கீத வித்வானுக்கு ஆயிரம் பேர் கைதட்டினாலும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு வித்வானின் தலையசைப்புக்காக மனம் ஏங்குவதில்லையா, அது போலத்தான். எதிராளியை நாம் வெறும் தடையாக எண்ணுகிறோம். ஆட்டக்காரனுக்கோ அவனே உத்தமமான ரசிகன்.

மெல்போர்னில் எல்லாமே இப்படி நடந்துவிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். டிசம்பர் 6ஆம் தேதி ஹங்கேரியும் சோவியத் ரஷ்யாவும் வாட்டர் போலோ பந்தயத்தில் சந்தித்தன. தண்ணீருக்கு மேலே வசவும், தண்ணீருக்குக் கீழே உதையுமாக நடந்த அந்த ஆட்டத்தில் ஹங்கேரி 4-0 என்று முன்னணியில் இருக்கையில், ஒரு ரஷ்ய வீரர் விட்ட குத்தில் ஹங்கேரியின் எர்வின் ஸாடோர் கண்ணுக்குக் கீழே கிழிபட்டு, ரத்தம் வழியக் குளத்தை விட்டு ஏறினார். கொதித்தெழுந்த கூட்டத்தைக் கண்டு ஆட்டத்தை முடிவதற்குச் சற்று முன்பே நிறுத்தினார்கள். போலீஸார் வர வேண்டியதாயிற்று. தன் ஊரில் டாங்கி ஓடிக்கொண்டிருக்க, அந்த டாங்கியை ஓட்டியவனின் நாட்டானோடு பந்து விளையாட நேர்ந்தவனுக்கு விளையாட்டு மனப்பான்மையைப் பற்றிப் பாடம் நடத்த எனக்கு வாய் வராது. ஆட்டத்தின்பால் உள்ள பிரியம் தாங்கக்கூடிய பாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ராஜ்யங்கள் செய்த பாவத்தைக் கழுவும் காரியத்தை விளையாட்டுக்காரர்களின் தலையில் ஏற்றி வைப்பது நியாயமே இல்லை.

அந்தச் சமயத்தில்தான், பந்தயங்கள் முடியச் சில நாட்களே இருக்கும்போது, அமைப்புக் குழுத் தலைவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஜான் இயான் விங் என்ற பதினேழு வயதுப் பையன். ஆஸ்திரேலியாவில் பிறந்த சீனர். தச்சு வேலை கற்றுக்கொண்டிருந்தார். அதுவரையில் நிறைவு விழாவிலும் தொடக்க விழாவைப் போலவே அந்தந்த நாட்டுக் கொடியின் பின்னால் அந்தந்த நாட்டு வீரர்கள் அணிவகுத்து வருவது வழக்கம். அப்படிச் செய்யாமல், எல்லா நாட்டு வீரர்களும் கலந்து ஒரே கூட்டமாக நடந்து வரட்டும் என்பது பையனின் யோசனை. கடிதத்தில் அவர் தம் பெயரைக்கூடத் தெரிவிக்கவில்லை. பெரிய மனிதர்கள் கூடியிருக்கும் சபையில் ஒரு தச்சுப் பையனின் மொட்டைக் கடிதம் குப்பைக்கூடைக்குப் போவதுதான் உலக வழக்கம். அன்று என்ன நல்ல நேரமோ, அது அங்கீகரிக்கப்பட்டது. டிசம்பர் 8ஆம் தேதி ரஷ்யரும் அமெரிக்கரும் ஹங்கேரியரும் இந்தியரும் பாகிஸ்தானியரும் வரிசை இல்லாமல், கொடிபார்த்து நிற்காமல், பேசிச் சிரித்துக்கொண்டு மைதானத்தில் நடந்தார்கள். இன்றுவரை நிறைவு விழா அந்த முறையில்தான் நடக்கிறது.

வீரர்கள் தங்கியிருந்த ஒலிம்பிக் கிராமத்தில் மலர்ந்த இன்னொரு பிரியத்தையும் போகிறபோக்கில் குறிப்பிடலாம். தட்டெறிதலில் தங்கம் வென்ற செக் மங்கை ஓல்கா ஃபிகோடோவாவும், சம்மட்டி எறிதலில் தங்கம் வென்ற அமெரிக்கர் ஹரால்டு கானலியும் ஒருவரையொருவர் விரும்பி, இரும்புத் திரையைத் தாண்டி அனுமதி பெற்று, மறுவருஷம் பிராக் நகரில் விவாகம் செய்துகொண்டார்கள். மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர் வேறு யாருமில்லை, ஸாடோபெக்தான்.

அந்தக் காலத்தில் பணம் இல்லை, அதனால் சினேகம் இருந்தது. இப்போது பணம் வந்துவிட்டது, சினேகம் போய்விட்டது என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இந்த வாதத்தை நான் ஒப்புவதற்கில்லை. அமெச்சூர் விதி என்று பெரிதாகக் கொண்டாடப்பட்ட ஏற்பாடு, பிறந்த காலத்திலேயே, கைத்தொழில் செய்து பிழைப்பவனைக் கனவான்களின் பந்தயத்துக்குள் விடாமல் தடுக்க இங்கிலாந்தில் எழுப்பப்பட்ட வேலி. அது செய்த அநியாயத்துக்கு ஜிம் தோர்ப்பின் சரித்திரம் ஒன்றே போதும். அமெரிக்காவின் பூர்வகுடிகளில் பிறந்த தோர்ப், 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் ஐந்து போட்டிகள் கொண்ட பென்டத்லானையும் பத்துப் போட்டிகள் கொண்ட டெகத்லானையும் வென்றார். கல்லூரி நாட்களில் கோடை விடுமுறையில் சொற்பக் கூலிக்கு பேஸ்பால் ஆடினார் என்ற குற்றத்துக்காக மறுவருஷமே இரு பதக்கங்களையும் பிடுங்கிக்கொண்டார்கள். 1953இல் அவர் இறந்தார். 1983இல் குடும்பத்தாரிடம் பதக்கங்களின் பிரதிகள் தரப்பட்டன. அப்போட்டிகளின் தனி வெற்றியாளர் அவரே என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொள்ள 2022 ஆகிவிட்டது. ஸ்டாக்ஹோமில் அதே இரண்டு பந்தயங்களிலும் தோர்ப்போடு போட்டியிட்டுப் பின்தங்கிய ஏவரி பிரண்டேஜ், பிற்காலத்தில் இருபது வருஷம் கமிட்டியின் தலைவராக இருந்து, மெல்போர்ன் பந்தயங்களுக்கும் தலைமை வகித்தவர். அமெச்சூர் விதியை வேதம்போல் காத்த அவர், தோர்ப்புக்குப் பதக்கங்களைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். தோற்றவருக்காகக் காத்திருந்த மிமூனும், வென்றவருக்குப் பதக்கத்தைத் தர மறுத்த பிரண்டேஜும் ஒரே மைதானத்தில் அன்று இருந்தார்கள். ஆட்டத்தை நேசித்தவர் யார், விதியை நேசித்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பணம் வந்த பிறகு நடந்ததையும் பார்ப்போம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கின் உயரம் தாண்டுதலில் கத்தாரின் முட்டாஸ் பர்ஷிமும் இத்தாலியின் ஜான்மார்கோ தம்பேரியும் 2.37 மீட்டர் தாண்டிச் சமமாக நின்று, மேற்கொண்டு தாண்டாமல் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். உலகம் உருகிப்போயிற்று. 2024இல் பாரிஸில் அதே பந்தயத்தில் நியூஸிலாந்தின் ஹாமிஷ் கெரும் அமெரிக்காவின் ஷெல்பி மெக்ஈவனும் சமமாக நின்றபோது, பகிர்ந்துகொள்ளாமல் மறுபடி தாண்டிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தார்கள், கெர் வென்றார். இவர்களுக்குப் பேராசை என்று சிலர் ஏசினார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. யார் மேல் என்று தாண்டித்தான் பார்ப்போமே என்று துணிவதும் அந்தப் பிரியத்தின் லட்சணம்தான். தோற்றால் வெள்ளி என்று தெரிந்துகொண்டே களைத்த காலோடு மறுபடி ஓடி வந்தவரை நான் வணங்கவே செய்வேன்.

அதே பாரிஸில் ஈட்டியெறிதலில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார்; நம் நீரஜ் சோப்ரா 89.45 மீட்டர் எறிந்து வெள்ளி பெற்றார். தங்கம் வென்றவரும் நம் பிள்ளைதான் என்று ஹரியானா கிராமத்தில் இருந்தபடி நீரஜின் தாயார் சொன்னார். இரு தேசத்திலும் அந்த வார்த்தை கொண்டாடப்பட்டது. சில மாதங்களுக்குள் எல்லையில் நிலைமை முற்றியபோது அதே வார்த்தைக்காக வசவும் கிடைத்தது. இதற்கு நீரஜும் நதீமும் செய்த தப்பு ஒன்றுமில்லை. மெல்போர்ன் குளத்தின் கதையே மறுபடியும்!

ஸாடோபெக்கிடம் திரும்பி வருகிறேன். ஜோதி ஏந்திய இளைஞர் ரான் கிளார்க், பின்னாளில் நீண்டதூர ஓட்டங்களில் 17 உலக சாதனைகளைப் படைத்தார். ஆனால் ஒலிம்பிக் தங்கம் மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. 1964இல் டோக்கியோவில் ஒரு வெண்கலம், அவ்வளவுதான். 1966ஆம் ஆண்டு அவர் பிராக் நகருக்கு ஓட வந்தபோது, ஸாடோபெக் தாமே அவரை விமான நிலையத்துக்கு அழைத்துப்போய், விடைபெறும் வேளையில் கையில் ஒரு சிறு பொட்டலத்தைத் திணித்தார். கடிதமோ, நாட்டை விட்டு ரகசியமாகக் கொண்டுபோக வேண்டிய வேறு எதுவோ என்று கிளார்க் நினைத்தார். விமானம் கிளம்பிய பிறகு பிரித்துப் பார்த்தால், ஹெல்சிங்கியில் 10,000 மீட்டரில் ஸாடோபெக் வென்ற தங்கப் பதக்கம்! இரண்டு வருஷம் கழித்துச் சோவியத் படை பிராகிலும் புகுந்தது. எதிர்த்துப் பேசிய ஸாடோபெக் ராணுவப் பதவியை இழந்து, ஊர் ஊராகப் போய்க் கடின உழைப்பு வேலை செய்து காலம் தள்ள நேர்ந்தது. அந்தப் பதக்கத்தை அவர் திரும்பக் கேட்கவில்லை.

இத்தகைய மனோபாவம் எங்கிருந்து வருகிறது? பிரதிக்ஞையால் வரவில்லை, சாசனத்தால் வரவில்லை, அமெச்சூர் விதியாலும் வரவில்லை என்று பார்த்தோம். அந்தக் காரியத்தைத் தானே செய்து பார்த்து, அதன் கஷ்டம் இன்னதென்று எலும்பிலும் நரம்பிலும் அறிந்தவனுக்குத்தான் அது வருகிறது. ஸாடோபெக்குக்குக் கிளார்க்கின் சாதனை கடிகாரத்தில் தெரியும் எண்ணாகப் படவில்லை. எத்தனை நாள் காலைக் குளிர், எத்தனை கணுக்கால் வலி என்று கணக்குத் தெரிந்தது.

பார்வையாளர்களுக்கும் இது பொருந்தும் என்பதற்கு நம் சென்னையே சாட்சி. 1999 ஜனவரி 31ஆம் தேதி சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு நடந்த டெஸ்ட் பந்தயத்தில், முதுகு வலியோடு 136 ஓட்டங்கள் எடுத்த டெண்டுல்கர் ஆட்டமிழந்த சற்று நேரத்துக்குள், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. சிறிது நேரம் மௌனமாக இருந்த கூட்டம் பிறகு எழுந்து நின்று கைதட்டிற்று; வாசிம் அக்ரமின் அணியினர் அந்தக் கைதட்டலின் நடுவே மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். சென்னை ஜனங்கள் மற்ற ஊராரைவிட உத்தமர்கள் என்று இதற்கு அர்த்தம் செய்ய நான் துணியமாட்டேன். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தெருவிலும் கடற்கரையிலும் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு ஆடி வளர்ந்தவர்கள். இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்த சக்லைன் முஷ்டாக்கின் பந்து எப்படிப்பட்டது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஈட்டியைக் கையால் தொட்டே பார்த்திராதவனுக்கோ 92.97 மீட்டர் என்பது வெறும் எண். அவனுக்கு மிஞ்சுவது கொடி ஒன்றுதான், ஆகவே கொடியைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறான்.

2036ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை நம் நாட்டில் நடத்த வேண்டும் என்று இந்திய ஒலிம்பிக் சங்கம் விருப்பம் தெரிவித்திருக்கிறது. நடக்கட்டும், நானும் சந்தோஷப்படுவேன். மைதானங்களுக்கும் விடுதிகளுக்கும் எத்தனை கோடி என்ற பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. அந்த மைதானங்களின் படிக்கட்டுகளில் 2036இல் உட்காரப்போகிறவர்கள் இன்று பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியடு எழுதியிருக்கிறது, பரீட்சை நெருங்கினால் அதைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குகிறார், பத்தாம் வகுப்பென்றால் ஜூன் மாதத்திலேயே வாங்கிவிடுகிறார், வாங்கிய கடனை எந்தக் கணக்கு ஆசிரியரும் திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. மைதானம் இல்லாத பள்ளிக்கு அனுமதி எப்படிக் கிடைத்தது என்று கேட்கும் பெற்றோரும் குறைவு. கல்வித் துறையினர் வேறொன்றும் செய்யாவிட்டாலும், அட்டவணையில் எழுதியிருக்கும் அந்த இரண்டு பீரியடுக்காவது பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்டு, ஓடி முடிந்து மூச்சு வாங்குகிறபோது கடைசியாக வருகிறவன் வந்து சேரும் வரையில் முதலில் வந்தவனையும் கோட்டருகே நிற்கச் சொல்லட்டும்.